சிட்டுக்காக நிறுத்திய டீ

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. என் முட்டிவலி ஒன்றைத் தவிர இங்கே எல்லாரும் சுகம், அங்கே நீயும் மருமகளும் சுகமாகத்தான் இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். முதலில் பிள்ளைகள் சேதி. உன் அக்காவின் பெரியவன் கணக்கில் தொண்ணூற்றெட்டு, மீதி இரண்டை வாத்தியார் எங்கே ஒளித்தாரோ. சின்னவன் நீச்சலில் கோப்பை வாங்கினான், இந்தப் பேனாவைக்கூட அதிலிருந்துதான் எடுத்தேன். உன் அண்ணன் மகள் சிட்டு போன வியாழக்கிழமை ரத்தம் கொடுத்துவிட்டாள், எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் பெரிசு.

நீ பிறந்த அன்று எனக்கு இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றிய கதையைக் கேட்டே வளர்ந்தவள், பதினெட்டு முடியட்டும் பாட்டி, ஒன்றை நான் திருப்பிக் கொடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். பதினெட்டு முடிந்த மறுநாளே ரத்த வங்கிக்குப் போனாள். விரலில் குத்திப் பார்த்துவிட்டு, இரும்புச்சத்து குறைவு, எடுத்தால் உனக்குத்தான் ஆகாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிள்ளை அழுதபடி வந்து நின்றாள். என் கைச்சோறு தின்றவளுக்குச் சத்துக் குறைவா என்று கேட்க மறுநாள் நானே கிளம்பிப் போனேன். அந்த நர்ஸ் பொறுமைசாலி. என்னை உட்காரவைத்து, சாப்பிட்டதும் என்ன குடிப்பாள் என்று கேட்டாள். மூன்று வேளையும் நான் போடுகிற கெட்டி டீ என்று பெருமையாகச் சொன்னேன். அதுதாம்மா கெடுக்குது, சாப்பிட்ட கையோடு டீ குடிச்சா சத்து உடம்புல ஒட்டாது என்றாள். சண்டைக்குப் போனவள் கீரைக்கட்டு வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

அன்றோடு வீட்டில் சாப்பாட்டுக்குப் பின் யாருக்கும் டீ கிடையாது. அவளுக்குச் சத்து குறைஞ்சா எனக்கு எதுக்குடி தண்டனை என்று உன் அப்பா மூன்று மாதம் முணுமுணுத்தார். கீரை, பயறு, டாக்டர் எழுதிய மாத்திரை எல்லாம் கொடுத்துத் தேற்றி நானே கூட்டிப்போனேன். எடை, பிரஷர், விரல்குத்து, எல்லாம் சரியென்று படுக்கவைத்து, கையில் பந்து கொடுத்து அமுக்கச் சொன்னார்கள். பத்து நிமிஷத்தில் பை நிறைந்தது. நீங்கதான் பாட்டி வெளுத்துப்போயிருக்கீங்க என்று சிட்டு சிரிக்கிறாள். கொடுத்தவளுக்கு ஒரு பிஸ்கட், பார்த்தவளுக்கு இரண்டு.

எனக்குக் கொடுத்தது யாரென்று இன்றுவரை தெரியாது. அந்த ஆள் ஊசிக்குப் பயந்திருந்தால் நீ தாயில்லாப் பிள்ளை. ஊசியைக் கண்டு நீ கட்டிலுக்கடியில் ஒளிந்ததை நான் மறக்கவில்லை, ஆனாலும் இன்னொரு பாட்டில் உன் பங்கு. நன்றாகத் தூங்கி, வயிறாரச் சாப்பிட்டு, நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் போ.

நோய்நொடியில்லாமல் இரண்டு பேரும் நூறு வயது இருங்கள். சிட்டு ரத்தம் கொடுத்த அன்று எடுத்த படத்தைச் சுவரில் மாட்டி, பக்கத்தில் உனக்கும் ஓர் ஆணி அடித்துவைத்திருக்கிறேன். புதுப் போட்டோ ஒன்று தபாலில் அனுப்பு, அரைக்கைச் சட்டை போட்டு, முழங்கை மடிப்பில் ஒட்டின பஞ்சு தெரிகிற மாதிரி.

உன் அம்மா