சேவலின் கால்முள்ளும் உங்கள் அரமும்

இன்று காலை கோழிக்கொட்டகை ஆணியிலிருந்து உங்கள் அரத்தை எடுத்தேன், அத்தை. உள்ளங்கையெல்லாம் துரு நாற்றம்.

சாஆ ஊரில் இந்த வீட்டுக்கு நான் மருமகளாக வந்தபோது, பின்பக்கச் செம்பனைத் தோட்டத்து ஓரமாக வான்கோழிகள் மேய்ந்துகொண்டிருக்கும். என்னைக் கண்டதும் உங்கள் சேவல் வாலை விசிறியாக விரித்து, மூக்குச் சதையை அலகுக்குக் கீழே தொங்கவிட்டு, நெஞ்சு முடி ஆட ஒரு சுற்று சுற்றும். தலை சிவக்கும், நீலமாகும், வெளுக்கும், மறுபடி சிவக்கும்.

"எல்லாம் பொட்டைய மயக்கத்தான்" என்றீர்கள். பெட்டைக்கு ஏன் இதெல்லாம் இல்லை என்று கேட்டேன்.

"மங்கலா இருந்தாதான் அடைகாக்கும்போது கோழி திருடுற மூசாங் பூனை கண்ணுல படாது. நீயும் கொஞ்சம் அப்படி இரு."

அன்று நான் கட்டியிருந்தது கல்யாணத்துக்கு எடுத்த மஞ்சள் சேலை.

கால்முள் சேவலுக்குச் சேவல் சண்டை போட. ஆனால் மிதிக்கும்போது கிழிவது பெட்டையின் முதுகு. அதற்காக நீங்கள் உங்கள் மகனின் பழைய ஜீன்ஸை வெட்டி, இறக்கையில் மாட்ட வார் வைத்து, ஒவ்வொரு பெட்டைக்கும் முதுகுச்சட்டை தைத்தீர்கள். அதுவும் போதாதென்று சேவலை மடியில் அமுக்கி முள்ளை அராவினீர்கள். "வாயில்லா ஜீவன்லா, நாமதான் பாத்துக்கணும்."

எனக்கு வாய் இருந்தது, அதுதான் குறை போலும். உங்கள் மகன் பெல்ட்டால் அடித்த முதுகை ரவிக்கையை இறக்கிக் காட்டினேன். பார்த்தீர்கள். நூலைப் பல்லால் கடித்தபடியே சொன்னீர்கள்: "ஆம்பளன்னா கை நீளத்தான் செய்யும். வெளிய சொல்லாத, மானம் போயிரும்." பிறகு பெட்டையின் சட்டைக்கு வார் தைக்கத் தொடங்கிவிட்டீர்கள். அடிப்பாவி! அன்று தொண்டையில் நின்றதை இன்று சொல்கிறேன்.

நீங்கள் செத்தீர்கள். பின்னாலேயே உங்கள் மகனும். இரண்டு கருமாதியிலும் வடை நன்றாக இருந்தது.

போன வாரம் என் மகன் சிங்கப்பூரிலிருந்து வேலை முடிந்து வந்த கையோடு, என் கண்ணெதிரே மருமகளை அறைந்தான். நான் அடுப்பை அணைத்துவிட்டு அவளைக் காரை எடுக்கச் சொன்னேன். போலீஸ் நிலையத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்ததை நானே சொன்னேன். அவனைக் கூப்பிட்டார்கள். பயந்த சேவலுக்குத் தலைச் சிவப்பு வடிந்து, மூக்குச் சதை சுண்டிப்போகும் என்பீர்களே, அப்படித்தான் வந்து நின்றான்.

"மா, நான் உங்க பிள்ளைலா!"

"அதனாலதான்டா நானே வந்தேன்."

இன்று மருமகள்தான் சேவலைப் பிடித்துக்கொண்டாள். நான் அராவினேன்.

"இதுக்கு வலிக்குமா அத்த?"

"நுனிதானே, வலிக்காது. விட்டாதான் பொட்டைக்கு வலிக்கும்."

இது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். உங்கள் மகனுக்கு மட்டும் நீங்கள் அரத்தை எடுக்கவே இல்லை. அது இப்போது என்னிடம் இருக்கிறது, அத்தை.