தேறினவன் கணக்கும் தவறினவன் கணக்கும்

மதுரை
ஆனி மாதம், 1937

சிரஞ்சீவி ராஜாராமனுக்கு அம்மா மனமார ஆசீர்வதித்து எழுதுவது. மீனாட்சி கிருபையில் இங்கே எல்லோரும் சௌக்கியம், அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் வருவதும் போவதுமாக இருக்கிறது. பட்டணத்தில் நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

சர்வகலாசாலை ஆபீஸில், எந்தக் காலேஜில் நூற்றுக்கு எத்தனை பேர் தேறினார்கள் என்று அட்டவணை போடுவதாக எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம். உன் தம்பி சொக்கு இண்டர்மீடியட்டில் தவறிவிட்டது உனக்கு அங்கேயே தெரிந்திருக்கும், ஆனால் இங்கே நடந்தது தெரியாது. கணக்கில் புலியாக இருந்தும் இங்கிலீஷ் காலை வாரிவிட்டது. அவனோடு படிக்கும் பேரையூர்ப் பையன் பேச்சிமுத்துவுக்கோ இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு, கணக்குதான் வராது. வருஷம் முழுவதும் ஹாஸ்டலிலிருந்து சாயங்காலம் நம் வீட்டுக்கு வந்துவிடுவான், சொக்கு மாடித் தரையெல்லாம் சாக்கட்டியால் எழுதி அவனுக்குச் சொல்லிக் கொடுப்பான். ரிசல்ட் பேப்பர் வந்த அன்று இருவரும் ரயிலடிக்குப் போய் அவரவர் நம்பரைப் பார்த்துவிட்டு வந்து, ரெண்டு பேருமே தவறிவிட்டோம் என்றார்கள். சாப்பிடாமல் மாடியில் படுத்துக்கொண்டார்கள். இனிமேல் பரீட்சையே எழுத மாட்டேன், பஞ்சாலையில் குமாஸ்தாவாகப் போகிறேன் என்று சொக்கு பிடிவாதம் பிடித்தான்.

மறுநாள் பேச்சிமுத்துவின் அப்பா மொக்கையன் திருமங்கலம் வழியாக பஸ் பிடித்து வந்தார், மகனை விதைப்புக்குக் கூட்டிப் போக. வழியில் காலேஜில் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். பையனைப் பார்த்துவிட்டு என்னிடம், "தாயி, எம்மவன் பாசுன்னு காலேசுல சொல்றாக. இவன் மூஞ்சியப் பாத்தா எழவு வீட்டுலருந்து வந்தவன் மாதிரி இருக்கு. பாசுன்னா இப்பிடித்தான் இருக்குமா?" என்று கேட்டார். அப்போதுதான் விஷயம் வெளிப்பட்டது. ஏண்டா பொய் சொன்னாய் என்று சொக்கு அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினான். நீ சொல்லிக் கொடுத்த கணக்கில் நான் தேறிவிட்டேன் என்று உன்னிடம் எந்த வாயால் சொல்லுவேன் என்று பேச்சிமுத்து அழுதுவிட்டான். சொக்குவும் அழுதான். மொக்கையன் மகனிடம், "வெதப்ப நான் பாத்துக்கிறேன். நீ இந்தத் தம்பிக்கு இங்கிலீசச் சொல்லிக் குடுத்துட்டு வா" என்று சொல்லிவிட்டு, எவ்வளவு சொல்லியும் சாப்பிட நிற்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டார். சொக்கு செப்டம்பர் பரீட்சைக்குப் பணம் கட்டச் சம்மதித்துவிட்டான்.

என் சந்தேகம் இதுதான். உன் அட்டவணையில் பேச்சிமுத்து தேறினவர்களில் ஒருவன், சொக்கு தவறினவர்களில் ஒருவன். அவனைத் தேற வைத்தவன் இவன் என்பதை எழுத அதில் எங்கேயாவது இடம் உண்டா? செப்டம்பரில் தேறினால் அந்தக் காகிதத்தில் இவன் கணக்கைத் திருத்துவார்களா, இல்லை தவறினவன் தவறினவன்தானா? குறை சொல்லவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். உன் மேலதிகாரி கோபிக்க மாட்டார் என்றால் அவரிடமும் கேட்டு எழுது.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறக்காதே. தீர்க்காயுசாக, நல்ல பெயரோடு இரு. சொக்குவுக்கு நீ தனியாக ஒரு கார்டு போடு, கண்டித்து எழுதாதே. இதை எழுதும்போது மாடியில் இரண்டு பேரும் இங்கிலீஷிலேயே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை, ஆனால் சொக்குவின் குரல்தான் ஓங்கிக் கேட்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா
பட்டம்மாள்