யோபுவின் மனைவி என்று வந்த சீட்டு

ஆட்டையாம்பட்டி,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள பெர்சி அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்று உங்கள் அம்மா காலையும் மாலையும் முழங்கால் போட்டு ஜெபிக்கிறார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஆமென் மட்டும் சொல்கிறேன்.

போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் மழை பெய்ததா, அம்மா மாத்திரை போட்டார்களா, கேஸ் வந்ததா என்று கேட்கிறீர்கள். நான் பெர்சி என்று வாயெடுத்ததும் டவர் இல்லை என்கிறீர்கள். சத்தீஸ்கரில் அந்த ஒரு பெயருக்கு மட்டும் டவர் கிடைக்காதோ என்னவோ. கடுதாசிக்கு டவர் வேண்டாம். செங்கோடன் அண்ணன் உங்கள் போர்வெல் ரிக் வண்டிக்குப் பைப் ஏற்றிக்கொண்டு வியாழக்கிழமை கிளம்புகிறார். அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

இங்கே மழை பெய்தது. அத்தைக்கு முட்டி வலி பரவாயில்லை. செவ்வாய்ப்பேட்டைக்குப் போய் மளிகை வாங்கி வந்தேன். தறிக்கும் போய்க்கொண்டிருக்கிறேன். ஓடுகிற தறிக்கு நடுவில் யாரும் யாரிடமும் துக்கம் விசாரிக்க முடியாது, எனக்கு அது வசதி. நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். குழம்பில் உப்பில்லை என்று அத்தை சொன்னால்தான் தெரிகிறது. அழுகை வருவதில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருக்கிறேன். கிள்ளினால் தெரிகிறது, வலிக்கவில்லை. அப்படியே பழகிவிட்டது.

கல்லறைத் தோட்டத்தில் நடந்ததை நாம் இன்றுவரை பேசவில்லை. டெங்குவில் போன நம் பெர்சியைக் குழியில் இறக்கும்போது நீங்கள் கையை உயர்த்தி, கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார் என்று சொன்னீர்கள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. சுற்றி நின்றவர்கள் ஆமென் என்றார்கள். எடுக்கிறவரைக் கும்பிட்டது போதும், அந்த வேதத்தை மூடிவையுங்கள் என்று கத்தினேன். பைத்தியக்காரி மாதிரிப் பேசாதே என்று சபை முழுவதும் கேட்கச் சொன்னீர்கள். மறு வாரமே வண்டி ஏறிவிட்டீர்கள். ஈஸ்டர் வந்து போயிற்று, அறுப்புப் பண்டிகையும் வந்து போயிற்று. நீங்கள் வரவில்லை.

இப்போது சங்கதிக்கு வருகிறேன். பெண்கள் ஞாயிறுக்கு நம் சபையில் சீட்டு எடுப்போம் அல்லவா? வேதத்தில் வருகிற பெண்களின் பெயர்களை எழுதி எவர்சில்வர் சொம்பில் போட்டுக் குலுக்குவார்கள். யாருக்கு யார் வருகிறாளோ அவளைப் பற்றிச் சீட்டெடுத்தவள் எழுந்து பேச வேண்டும். போன வருஷம் எனக்கு மார்த்தாள் வந்தாள். அடுப்படியை விட்டு வெளியே வாங்க மார்த்தாள் அம்மா என்று ஒரு வாரம் கேலி செய்தீர்கள். பெர்சியும் உங்களோடு சேர்ந்துகொண்டு மார்த்தாம்மா, மார்த்தாம்மா என்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிந்தாள்.

இந்த வருஷம் நான் எடுத்த சீட்டைப் பிரித்து வாசித்தேன். யோபுவின் மனைவி. பெயர்களை எழுதியது போதகர் வீட்டு ஐயரம்மாதான். பாவம், யோசிக்காமல் எழுதிவிட்டார்கள். முகம் செத்துப்போய், அதை இப்படிக் கொடு கண்ணு, வேற எடுத்துக்கலாம் என்று கை நீட்டினார்கள். டீச்சர் சுகன்யா தனக்கு வந்த அன்னாளை எனக்குத் தருவதாகச் சொன்னாள். நான் கொடுக்கவில்லை. பிடிவாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை கேட்டு அழுது வாங்கிக்கொண்ட அன்னாளைப் பற்றி நான் என்ன பேசுவது?

யோபுவின் மனைவி என்றதும் நமக்கெல்லாம் தெரிந்தது ஒரு நகைச்சுவைதான். கன்வென்ஷன் கூட்டத்தில் வருஷா வருஷம் சொல்வார்கள்: சாத்தான் யோபுவிடம் இருந்த எல்லாவற்றையும் பறித்தான், பெண்டாட்டியை மட்டும் விட்டுவைத்தான், ஏனென்றால் அவள் அவனுக்குக் கையாள். பந்தலே சிரிக்கும். நீங்களும் சிரித்திருக்கிறீர்கள். நானும்தான் சிரித்திருக்கிறேன்.

யோபுவை எடுத்து வைத்து முதலில் இருந்து வாசித்தேன். பத்துப் பிள்ளைகள் ஒரே வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது காற்றடித்து வீடு இடிந்து செத்துப்போகிறார்கள். யோபு சால்வையைக் கிழித்தான், தலையைச் சிரைத்தான், தரையில் விழுந்தான் என்று எல்லாம் எழுதியிருக்கிறது. அவள் என்ன செய்தாள் என்று இல்லை. அவளும்தானே பத்தையும் பெற்றவள்? அவளுக்குப் பெயர்கூட இல்லை. தேவனைத் தூஷித்துவிட்டுச் செத்துப்போ என்று ஒரே ஒரு பேச்சு பேசுகிறாள். பைத்தியக்காரி பேசுகிற மாதிரிப் பேசுகிறாய் என்று அவன் சொல்கிறான். அதற்குப் பிறகு அவள் வாயே திறக்கவில்லை. அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். நம் வீட்டுக் கதையை யாரோ முன்னாலேயே எழுதி வைத்தது போலிருந்தது.

மறுநாள் தறி நின்ற நேரத்தில் பக்கத்துத் தறி பழனியம்மாள் அக்கா, என்ன கண்ணு ஒரு மாதிரியா இருக்கறே என்று கேட்டது. அந்த அக்காவுக்கு வேதமும் தெரியாது, யோபுவும் தெரியாது. கதையைச் சொன்னேன். முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்டது. சாம்பலில் உட்கார்ந்து ஓட்டாஞ்சில்லால் புண்ணைச் சுரண்டினான் என்று சொன்னபோது உச்சுக் கொட்டியது. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டது: அதெல்லாஞ் செரி, அந்தாளு திலும்ப ஊட்டுக்குப் போனானா இல்லியா? எனக்குப் பதில் தெரியவில்லை. ஞாயிறு பள்ளியில் இருந்து எத்தனை தடவை கேட்ட கதை, இது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

பதில் தேடி மறுபடியும் வாசித்தேன். நடுவில் ஓரிடத்தில் யோபு புலம்புகிறான், என் மூச்சே என் மனைவிக்கு வேண்டாததாகிவிட்டது என்று. அதைத் தாண்டி எத்தனை பேர் வாசித்துப் போயிருப்போம். மூச்சு பிடிக்கவில்லை என்றால், மூச்சு படுகிற தூரத்தில் அவள் இருந்திருக்கிறாள். அவள் எங்கேயும் போகவில்லை. புண்ணும் நாற்றமுமாகக் கிடந்தவன் பக்கத்தில்தான் கிடந்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை இதைத்தான் பேசினேன். சந்தைக் கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னேன். கடைசி அதிகாரத்தில் கர்த்தர் கோபப்படுவது யோபுவுக்கு ஆறுதல் சொல்ல வந்த மூன்று சிநேகிதர்கள் மேல். கடவுளுக்குப் பரிந்து பேசியவர்கள் அவர்கள்தான். அவளை அவர் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். யாரும் ஆமென் சொல்லவில்லை. சுகன்யா மூக்கை உறிஞ்சினாள். வெளியே வந்ததும் மூப்பர் ராசப்பன் ஐயா பிடித்துக்கொண்டார். ஏம்மா, அவ பேசுனது தப்புன்னு ஒரு வார்த்தை சேத்திச் சொல்லியிருக்கலாமில்ல என்றார். ஆண்டவரே சொல்லாததை நான் எதுக்குங்க சொல்றது என்று கேட்டேன். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்கு வந்ததும் அத்தை எனக்குத் தட்டு வைத்துச் சோறு போட்டார்கள். என்றைக்கும் இல்லாத வழக்கம்.

எனக்கு இன்னும் ஆண்டவர்மேல் கோபம் போகவில்லை. பொய் எழுத மாட்டேன். கோபித்துக்கொண்டவளை அவர் தள்ளிவிடவில்லை என்பது மட்டும் தெரிந்தது. அது போதும் போலிருக்கிறது, அத்தை ஜெபிக்கும்போது பக்கத்தில் உட்கார.

நேற்று செங்கோடன் அண்ணன் வந்திருந்தார். டீயை ஆற்றிக்கொண்டே தயங்கித் தயங்கிச் சொன்னார். ரிக் ஓடும்போது எல்லோரும் மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்க, நீங்கள் மட்டும் தலையில் கல்மாவு கொட்டக் கொட்ட அப்படியே நிற்கிறீர்களாம். கூப்பிட்டாலும் நகர்வதில்லையாம். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு யாராவது கூப்பிட்டால் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறீர்களாம். நான் இத்தனை நாள், நீங்கள் விசுவாசத்தில் நிற்கிறீர்கள், விழுந்தது நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் போன பிறகு டம்ளரைக் கழுவக்கூட எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். நீங்களும் சாம்பலில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள், அதுவும் அத்தனை தொலைவில்.

பழனியம்மாள் அக்காவுக்கு இன்று காலையில்தான் பதில் சொன்னேன். அவன் வீட்டுக்குப் போனான் அக்கா என்றேன். போனான் என்று எழுதியிருக்கவில்லை. கடைசியில் ஏழு மகன்களும் மூன்று மகள்களும் பிறந்தார்கள் என்று இருக்கிறது. வேறொருத்தியைக் கட்டினான் என்று எங்கும் இல்லை. அப்படியானால் அவன் எழுந்து அவளிடம்தான் போயிருக்க வேண்டும். பைத்தியக்காரி என்றவனும் செத்துப்போ என்றவளும் மறுபடி ஒரு வீட்டில் விளக்கேற்றியிருக்கிறார்கள். யார் முதலில் பேசியது என்று தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை. யாரோ ஒருவர் பேசியிருக்கிறார்கள்.

இன்னொரு பிள்ளை வேண்டும் என்று இதை எழுதவில்லை. அதை நினைக்க எனக்குத் தெம்பு இல்லை. பெர்சியைப் பற்றிப் பேச எனக்கு ஆள் இல்லை. நான் அவள் பெயரைச் சொன்னால் அத்தை அழுகிறார்கள், சபையில் வசனம் சொல்கிறார்கள், தறியில் பேச்சை மாற்றுகிறார்கள். அவள் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பாளே, அதை நான் யாரிடம் சொல்வது? உலகத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் நாம் இரண்டு பேர்தான்.

வாருங்கள். வந்து என்னைப் பைத்தியக்காரி என்றே கூப்பிடுங்கள், எனக்கு வருத்தமில்லை. பக்கத்தில் இருந்து கூப்பிடுங்கள்.

உங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக. போக்கை இதுவரை காத்தது போதும், இனி வருகிற வழியைப் பாரும் என்று அவரிடமும் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
பெர்சியின் அம்மா,
பிரவீனா.