டனாங் தைக்க மறுத்த சட்டை

ஜூலை 6
என் தங்கை மகன் டனாங் எங்களுக்குத் துரோகம் செய்துவிட்டான். பருத்த உடம்புக்கு இனி விளையாட்டுச் சட்டை தைக்கமாட்டானாம். ஒற்றைத் தையல் இயந்திரத்தோடு தொழில் தொடங்கியவனிடம் முதலில் வாங்கியது யார்? என் காலை உடற்பயிற்சிக் குழுப் பெண்கள். மலிவாகக் கிடைத்ததென்று ஆரஞ்சுத் துணியை வாங்கிவந்து விழித்தான். கண் கூசினாலும் போட்டுக்கொண்டோம். இப்போது எங்கள் சோலோ நகரின் பெரிய சாலையில் ஏசி கடை. கறுப்பும் சாம்பலும் மட்டும், அதுவும் ஒல்லிக்குச்சிகளுக்கு.

“பெரியம்மா, பிராண்டுக்குன்னு ஒரு தோற்றம் இருக்குல்ல?” என்றான்.

என் தோற்றத்துக்கு என்ன?

ஜூலை 9
குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சட்டை இல்லை. சீருடை இல்லாத குழுவை ஆகஸ்ட் மாத உடற்பயிற்சி ஆட்டப் போட்டியில் மேடையேற்ற மாட்டார்கள். பக்கத்து வீட்டு துத்திக், “வேற கடையில தைச்சுக்கலாம் அக்கா” என்றாள்.

தைக்கலாம். தைக்கமாட்டேன்.

ஜூலை 10
அவன் கடையின் மிகப் பெரிய அளவைப் போட்டுப் பார்த்தேன். தலை நுழைந்தது.

ஜூலை 13
ஞாயிறு. பெரிய சாலையில் வண்டிகளுக்குத் தடை உள்ள காலை. சாலை முழுக்க ஜனம். டனாங்கின் கடை வாசலிலேயே ஒலிபெருக்கியை வைத்து, பழைய ஆரஞ்சுச் சட்டையில் ஆடினோம். ஓடிவந்தான்.

“கொஞ்சம் தள்ளிப் போய் ஆடுங்க பெரியம்மா!”

“ரோடு உங்கப்பன் வீட்டுதா?” என்றாள் துத்திக்.

“அந்தச் சட்டையில என் கடைப் பேரு இருக்கு!”

“அதனாலதான்டா இங்க ஆடறோம்” என்றேன்.

ஜூலை 14
தங்கை போனில் அழுதாள். பிள்ளை பிழைப்பைக் கெடுக்கிறேனாம். நானா? அவன் தைச்ச மொத சட்டையை நாங்க வாங்கினப்ப எங்கடி போச்சு இந்த அழுகை? நெஞ்சு எரியுது — சோயா டெம்பே வறுவலால் இல்லை.

ஜூலை 20
மறுபடியும் ஆடினோம். வேடிக்கை பார்த்த பெண்கள் பலர் பின்வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். முடிந்ததும் கடைக்குள் போய், தங்கள் அளவில் ஆரஞ்சுச் சட்டை கேட்டார்கள். ஒருத்தி கறுப்புச் சட்டையைத் தூக்கிக் காட்டி, “இது குழந்தைங்களுக்கா தம்பி?” என்றாள்.

ஜூலை 22
டனாங் வாழைப்பழ பஜ்ஜியோடு வந்தான். அளவு நாடாவை எடுத்தான்.

“கையைத் தூக்குங்க பெரியம்மா.”

“முதல்ல சொல்லு, யார் மேல தப்பு?”

“அளவெடுக்கும்போது பேசக் கூடாது.”

ஜூலை 23
ஆக வேண்டியவை:

டனாங் — முதுகுப் பக்கம் நீளமாக வெட்ட வேண்டும். குனிந்தால் மேலே ஏறக் கூடாது. போட்டிக்கு முன்பே எல்லோருக்கும் சட்டை. மன்னிப்பு, வாய்விட்டு.

தங்கை — அழுகையை நிறுத்த வேண்டும்.

துத்திக் — டனாங் தன் கடைக் கண்ணாடியில் ஒட்டப்போகும் எங்கள் படத்துக்கு என் பக்கத்தில் நிற்கலாம். என்னை மறைக்கக் கூடாது.

படம் எடுப்பவர் — வயிற்றை உள்ளே இழுக்கச் சொல்லக் கூடாது.

நான் — சட்டை வரும்வரை இளைக்கக் கூடாது.