இன்ஹோவின் அம்மா கேட்ட ஓம்

மார்ச் 8, ஞாயிறு

இன்றைக்கு ஞாயிறுப் பூசையில் மனம் நிற்கவில்லை. இன்ஹோ நேற்று வீட்டில் சொல்லிவிட்டான். இரண்டு வருடமாக இழுத்தடித்தவன், கடைசியில் சாப்பாட்டு மேசையில் ஒரே மூச்சில் போட்டு உடைத்தானாம். “ஷாமிலா என்றொரு பிள்ளை. ரானுயியில் இருக்கிறாள். சிறிலங்கன். கட்டப் போகிறேன்.”

அவனுடைய அம்மா முதலில் கேட்டது என் வேலையை இல்லை, வயதை இல்லை. “கறுப்பா?” என்று கேட்டாராம்.

“நீ என்ன சொன்னாய்?” என்றேன்.

“பார்மசிஸ்ட் என்று சொன்னேன்” என்றான்.

கேட்ட கேள்விக்கு அதுவா பதில்? நல்ல காலம், அவன் போனில் இருந்தான். பக்கத்தில் இருந்திருந்தால் வாங்கிக் கட்டியிருப்பான்.

மார்ச் 9

கண்ணாடிக்கு முன்னால் கொஞ்சம் கூடுதலாக நின்றேன். எழுதவே வெட்கமாயிருக்கிறது.

மார்ச் 12

எங்கள் வீடு மட்டும் திறமோ? போன வருடம் அப்பாவுக்குச் சொன்னபோது, விரியில் தொழிற்சாலை இரவு வேலை முடித்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

“சீனாக்காரனோ?”

“கொரியா, அப்பா.”

“எல்லாம் ஒண்டுதான்.”

அம்மா இரண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள், “பேரப்பிள்ளையளுக்கு மூக்கே இராது” என்றா. இன்ஹோ எலெக்ட்ரிசியன். ஒரு சனிக்கிழமை வந்து எங்கள் அடுப்பின் வயரைச் சரிசெய்து, அம்மாவின் நண்டுக்கறியை மூக்கு ஒழுக ஒழுகச் சாப்பிட்டான். அதோடு அம்மா கட்சி மாறிவிட்டா.

ஞாயிறு கிளென்பீல்டில் இன்ஹோ வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறார்கள். பயமாயிருக்கிறது. எந்தச் சட்டை போடுவது?

மார்ச் 15, ஞாயிறு

போயிருக்கக் கூடாது.

தொடக்கத்தில் நன்றாகத்தான் இருந்தது. அவனுடைய அப்பா சிரித்தார். அம்மா பார்க்காத மாதிரிப் பார்த்தார். இருபது வருடமாக சூஷிக் கடை நடத்துகிறவர், விரல்கள் அவ்வளவு வேகம். நடுவில் ஒரு சட்டிக் குழம்பு, எல்லோரும் அதற்குள்ளேயே கரண்டி விட்டுச் சாப்பிடுவதுதான் வழக்கமாம். நானும் விட்டேன். இன்ஹோ மேசைக்குக் கீழே என் காலைத் தட்டினான். சரி, இவ்வளவுதானே என்று நினைத்தேன்.

அப்போது என் அம்மாவின் போன். எடுக்காவிட்டால் பத்துத் தரம் அடிப்பா. எடுத்தேன். “ஓம் அம்மா. ஓம், சாப்பிடுறன். ஓம் ஓம், பிறகு எடுக்கிறன்.” அரை நிமிடம்கூட இல்லை.

போனை வைத்தேன். அவனுடைய அம்மா எழும்பிப் போய் ஒரு கோப்பை கொண்டுவந்தார். எனக்கு மட்டும் அதில் குழம்பை ஊற்றி என் முன்னால் வைத்தார். சட்டியைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். கை கழுவப் போனபோது தொங்கிய துவாயை எடுத்துவிட்டுப் பேப்பர் துவாய் நீட்டினார்.

எனக்குத் தனிக் கோப்பை. எனக்கு.

மார்ச் 16

இன்ஹோவோடு சண்டை. அவனுடைய அம்மா முடிவாகச் சொன்னதையும் இன்றைக்குத்தான் கக்கினான். கட்டுவதென்றால் கட்டட்டும், ஆனால் பதிவோடு நிற்கட்டும், அவருடைய சேர்ச் ஆட்களுக்குத் தெரிய வேண்டாம், அங்கே கூட்டிக்கொண்டு வரவும் வேண்டாம்.

“மறைச்சு வைச்சுக் கட்டுற கலியாணம் எனக்கு வேண்டாம்” என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். பிறகு இங்கிலிஷில் சொன்னேன். விளங்க வேண்டுமே.

எனக்கு அவன் வேண்டும். அதுதான் பிரச்சினை. அவன் வேண்டும், ஆனால் ஒளித்து வைத்த சாமான் மாதிரி இருக்க மாட்டேன்.

மார்ச் 18

பொல்லாத ஞாபகம் ஒன்று வருகிறது. மன்னார் வீட்டில், குசினிக்குப் பின்னால், வேலிக் கம்பில் ஒரு அலுமினியப் பேணி கவிழ்ந்திருக்கும். தென்னை ஏற வருகிற ஐயாவுக்குத் தேத்தண்ணி அதில்தான். எனக்கு எட்டு வயது. ஒருநாள் நான் அதில் தண்ணீர் குடித்ததற்கு அம்மா அடித்தா.

இன்றைக்கு அம்மாவிடம் கேட்டேன். “அது அந்தக் காலம், இப்ப ஏன் அதைக் கிண்டுறாய்?” என்றா. முகத்தைத் திருப்பிக்கொண்டு வெங்காயம் உரித்தா.

அந்த ஐயாவின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

மார்ச் 21, சனி

எழுதக் கை வரவில்லை, சிரித்துச் சிரித்து. முதலில் அழுதேன், பிறகுதான் சிரித்தேன்.

இன்ஹோ பின்னேரம் வந்தான். கையில் ஒரு பேப்பர் பை, முகத்தில் ஈயாடவில்லை. உள்ளே ஒரு களிம்பு டியூப். நான் வாரத்தில் நாலைந்து விற்கிற களிம்பு. சொறிக்குப் போடுவது. கழுத்திலிருந்து கால்விரல் வரை பூசி, எட்டு மணி நேரம் வைத்துக் கழுவ வேண்டும், உடுப்பையும் படுக்கை விரிப்பையும் சுடுதண்ணீரில் துவைக்க வேண்டும்.

“அம்மா தந்தார். உனக்குச் சங்கடம் வராமல் கொடுக்கச் சொன்னார்.”

“எனக்கேன்?”

“நீயே போனில் சொன்னாயாம். நாலு தரம்.”

கொரிய மொழியில் சொறிக்குப் பெயர் ஓம்.

நான் ஓம் ஓம் என்று அடுக்கியபடி, நுளம்பு கடித்த மணிக்கட்டையும் சொறிந்தேனாம். பாவம் மனிசி. வேறு என்ன நினைக்கும்? நான் சிரித்த சிரிப்பில் அப்பா நித்திரை குழம்பி வந்து எட்டிப் பார்த்தார்.

மார்ச் 22

இல்லை. முழுக்கச் சிரிப்பு இல்லை.

ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை அந்த மேசையில் இருந்து ஓம் என்று சொல்லியிருந்தால் அவர் போய்க் களிம்பு வாங்கியிருப்பாரா? அதோடு, சேர்ச்சுக்கு வர வேண்டாம் என்று சொன்னதற்கும் சொறிக்கும் என்ன சம்பந்தம்? களிம்பு பூசினால் இந்தத் தோல் போய்விடுமா?

இன்ஹோவிடம் கேட்டேன். “தெரியாது” என்றான். “என் அம்மாவைப் பற்றி எனக்குத் தெரியாதது கனக்க இருக்கிறது.” அந்தப் பதில் பிடித்தது.

நான் நேரே போய்க் கேட்கப் போகிறேன். அவன் கூட வரக் கூடாது. வந்தால் எல்லாவற்றையும் சீனி போட்டு மொழிபெயர்ப்பான்.

மார்ச் 25, புதன்

போனேன். மூன்று மணி, சூஷிக் கடையில் ஆளில்லை. அவர் பின்னால் அரிசி கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கை நின்றது.

ஒரு வசனம் பாடமாக்கியிருந்தேன். தமிழில் ஓம் என்றால், கொரியனில் நே. நே என்றால் அவர்களுக்கு ஆமாம்.

“நே?” என்றார்.

“நே” என்றேன்.

ஒரு நிமிடம் எடுத்தது. பிறகு காது வரை சிவந்து, ஈரக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு ஸ்டூலில் இருந்துவிட்டார். தோள் குலுங்கியது. நானும் சிரித்தேன். அதோடு வந்திருக்கலாம். வரவில்லை. மெதுவாக இங்கிலிஷில் கேட்டேன்.

“வெள்ளைக்காரப் பிள்ளை ஒண்டு ஓம் எண்டு சொல்லியிருந்தா, களிம்பு வாங்கியிருப்பீங்களோ அன்ரி?”

விளங்காத மாதிரி இருந்திருக்கலாம் அவர். இருக்கவில்லை. அரிசியைப் பார்த்தார், தண்ணீரை வெளியே ஊற்றினார், திரும்பவும் நிரப்பினார். பிறகு, “நோ” என்றார்.

அவ்வளவுதான். மன்னிப்பு, விளக்கம், ஒன்றுமில்லை. ஆனால் பொய் சொல்லவில்லை. திரும்பி வரும்போது பாலத்தில் வாகன நெரிசல், நான் கோபப்படவே இல்லை. எனக்கே அதிசயம். வெங்காயம் உரித்துக்கொண்டு முகத்தைத் திருப்புவதைவிட அந்த நோ எவ்வளவோ மேல்.

ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு

கிளென்பீல்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

ஏப்ரல் 12

திரும்பவும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அதே சட்டி. இந்தமுறை தனிக் கோப்பை இல்லை. அவர் என் பக்கமாகச் சட்டியைத் தள்ளிவைத்தார், மீன் துண்டு என் பக்கம் வருகிற மாதிரி. நான் இரண்டாம் தரமும் எடுத்துச் சாப்பிட்டேன்.

சேர்ச்சைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இன்ஹோ கேட்கப் போனான், நான் கண்ணைக் காட்டி நிறுத்தினேன். கேட்டு வாங்குகிற விசயமா அது? வீட்டுக்குள் ஒரு சட்டி, வெளியில் யாரோ என்றால், என் பதில் மாறவில்லை. அதை இன்ஹோவுக்கு வாசலில் வைத்துச் சொன்னேன். “தெரியும்” என்றான்.

ஏப்ரல் 23, வியாழன்

எங்கள் பார்மசியில் புளூ காய்ச்சல் ஊசிக்குக் கதவு வரை வரிசை. பதினொரு மணிக்கு நிமிர்ந்து பார்த்தால், வரிசையில் இன்ஹோவின் அம்மா. கூட மூன்று பெண்கள். ஒரே வயது, ஒரே மாதிரித் தலைமயிர் வெட்டு, கையில் சேர்ச்சின் பெயர் போட்ட துணிப்பை. கிளென்பீல்டில் எத்தனை பார்மசி இருக்கிறது? பாலம் தாண்டி ஹென்டர்சனுக்கு ஏன் வர வேண்டும்?

என்னைத் தெரியாதவர் மாதிரி இருப்பார், நானும் அப்படியே இருந்துவிடுவேன் என்று முடிவெடுத்தேன். வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். ஒவ்வாமை இருக்கிறதா, மருந்து எடுக்கிறீர்களா. எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டினார். பிறகு கையுறைப் பெட்டியை இழுத்தேன். ஊசி போட அது கட்டாயமில்லை, அவருக்காகத்தான் இழுத்தேன். வேண்டாம் என்று பெட்டியைப் பின்னுக்குத் தள்ளினார். சட்டைக் கையைத் தோள் வரை சுருட்டி என் பக்கம் நீட்டினார்.

அவருடைய தோளில் என் விரல். ஊசியைப் போட்டேன்.

பின்னால் நின்றவர்களில் ஒருத்தி குனிந்து அவரிடம் ஏதோ குசுகுசுத்தாள், என்னைப் பார்த்துக்கொண்டே. அவர் குசுகுசுக்கவில்லை. திரும்பி, கடை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

“ஊரி மியோனுரி.”

ஊரி என்றால் எங்கள், அது தெரியும். மற்றது தெரியவில்லை. பஞ்சை ஒட்டிவிட்டு, மேசைக்குக் கீழே இன்ஹோவுக்குச் செய்தி அனுப்பினேன், மியோனுரி என்றால் என்ன என்று.

மருமகள் என்று பதில் வந்தது. யார் அப்படிச் சொன்னது என்று உடனேயே இன்னொன்று.

உன் அம்மா, சேர்ச் ஆட்கள் மூன்று பேருக்கு முன்னால் என்று எழுதிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.