வெடிப்புக்குள் போட்ட ஊறுகாய் பாட்டில்

தன் வலியின் மிச்சம்கூட அடுத்தவர் சட்டியில் விழக்கூடாது என்று நினைத்த என் அப்பாவுக்கு,

பாட்டில் கிடைத்துவிட்டது அப்பா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். எந்தப் பாட்டில் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் போன பிறகு நான் செய்த காரியம் அது. வீட்டில்கூட ஒருத்தரிடமும் சொல்லாமல் ஒன்பது மாதம் வைத்திருந்தேன்.

வைப்பாறு கடலில் சேரும் இடத்தில் சேறு அள்ளிவந்து, தூத்துக்குடி லேபில் அதற்குள் என்னென்ன மருந்து தங்கியிருக்கிறது என்று பார்ப்பதுதானே என் வேலை. முதல்முறை சொன்னபோது எப்படிச் சிரித்தீர்கள்! "மூட்டுவலி எனக்கு. மாத்திரை முழுங்குதது நானு. இதுல மீனுக்கு என்னட்டி வந்துச்சு?" என்றீர்கள். உடம்பு எடுத்தது போக மிச்சம் வெளியே போகும், தூக்கி எறிந்தது ஓடையில் போகும், எல்லாம் முகத்துவாரத்துச் சேற்றில் போய்ப் படியும், அந்தச் சேற்றில்தான் புழுவும், கடற்கரைக்காரர்கள் பொறுக்கி அவித்துத் தின்கிற மட்டிச் சிப்பியும் வாழ்கின்றன என்று நான் சொன்னேன். "அப்ப நம்ம மிச்சம் அவிய சட்டியில போய் விழுதுன்னு சொல்லு" என்றீர்கள். இத்தனை வருஷமாக நான் எழுதிய அறிக்கை எதிலும் இவ்வளவு நேராக ஒரு வரி வந்ததில்லை.

அன்றிலிருந்து மிச்ச மாத்திரைகளை ஊறுகாய் பாட்டிலில் போட்டு வைத்தீர்கள். உங்களது, அம்மாவுடைய பிரஷர் மாத்திரை, மாட்டுக்கு வாங்கியதில் மீந்தது, எல்லாம். நான் வரும்போது எடுத்துப்போய் ஆஸ்பத்திரியில் எரிக்கிற கழிவோடு சேர்க்க வேண்டும் என்று ஏற்பாடு. நானும் சரி சரி என்றேன். எத்தனை தடவை வந்தேன்? மிளகாய் வற்றலை மறக்காமல் கட்டிக்கொண்டு போன எனக்குப் பாட்டில் மட்டும் மறந்துபோயிற்று.

பதினாறாம் நாள் வீடு கழுவும்போது அம்மா அதை எடுத்து நீட்டினாள். "அவிய தொட்ட மருந்து வீட்ல கெடக்கக் கூடாது. எங்கனயாச்சும் கொண்டு போய்ப் போட்டுருட்டி." பாட்டிலைப் பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இத்தனை மாத்திரை தின்றும் ஒன்றாவது உங்களை நிறுத்தி வைத்ததா? நேராகப் புஞ்சைக்குப் போனேன். ஓடையோரம் உடைமரத்தடியில் கரிசல் என் முழங்கை போகிற அளவு வெடித்துக் கிடந்தது. உடைந்த கண்ணாடி, பூச்சிமருந்து டப்பா என்று வேண்டாததையெல்லாம் நம் ஊர்க்காரர்கள் போடுகிற இடம்தானே வெடிப்பு? மழை வந்தால் மண் வாயை மூடிக்கொள்ளும், அதோடு விட்டது என்று நினைப்பார்கள். ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற நான், அதே வெடிப்பில் உங்கள் பாட்டிலைப் போட்டுக் காலால் மண்ணைத் தள்ளிவிட்டு, சாயங்காலம் பஸ் ஏறிவிட்டேன்.

ஐப்பசியில் நல்ல மழை. மண் மூடிக்கொண்டது. கார்த்திகையில் எடுத்த சேற்றில் வலி மாத்திரை மருந்து இருந்தது. நீங்கள் தின்ற அதே மருந்து.

ஒரு பாட்டில் மாத்திரைக்கு அவ்வளவு பெரிய முகத்துவாரம் நஞ்சாகாது என்று என் படிப்பு சொன்னது. மனசு கேட்கவில்லை. வீட்டுச் சுவரையே பிளக்கிற மண், ஊதிப் புடைத்தால் கண்ணாடிப் பாட்டிலை விட்டுவைக்குமா? நம் ஓடையும் அங்கேதான் போய்ச் சேருகிறது. அந்த மருந்து சேற்றில் கூடினால் மட்டி தளர்ந்துபோகும், புழு துளை போடாது என்பதுதான் எங்கள் பயம். அங்கே மட்டி பொறுக்கும் ரோஸ்மேரி அக்கா, இடுப்பளவு தண்ணீரில் நின்றபடியே கேட்டாள்: "தங்கச்சி, சேறு என்ன சொல்லுது? பிள்ளையளுக்கு மட்டி அவிச்சுக் குடுக்கலாமா, வேண்டாமா? நேராச் சொல்லு."

கொஞ்சம்தான் இருக்கிறது, இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். எங்கே இருந்து வருகிறது என்று கேட்டாள். தெரியவில்லை அக்கா என்றேன். அன்றைக்கு என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை அப்பா.

உடனே தோண்டியிருக்கலாமே என்பீர்கள். ஈரக் கரிசலில் கடப்பாரை இறங்கும், திரும்ப வராது. மேலே தம்பி விதைத்த கொத்தமல்லிச் செடி வேறு நின்றது. தை போய், மாசி போய், அறுப்பு முடிந்து, பங்குனி வெயிலில் மண் திரும்ப வாய் திறக்கும்வரை காத்திருந்தேன். அப்புறம்தான் தம்பி மாரிச்சாமியிடம் சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன். "ஏக்கா, நீயா இந்த வேல பாத்த? நாங்க செஞ்சா மட்டும் வகுப்பு எடுக்கியே!" என்று ஒரே சிரிப்பு. சிரித்து முடித்துக் கடப்பாரையை எடுத்தான்.

போட்ட இடத்தில் இல்லை. கையாலேயே மண்ணைக் கிளறத் தொடங்கினேன். "கல்லையே மேல தள்ளுத மண்ணுக்கா இது. ஒரு எடத்துல இருக்க விடுமா? பொறு" என்று மாரிச்சாமி தள்ளித் தள்ளிக் குத்தினான். இரண்டடி தள்ளி, சாய்ந்தவாக்கில் கிடந்தது. ஒரு கீறல் இல்லை. மூடி இறுகியிருந்தது. உள்ளே சொட்டு ஈரம் இல்லை. வெயிலில் அப்படியே மண்ணில் உட்கார்ந்து, பதினாறாம் நாள் வராத அழுகையை எல்லாம் அழுதேன். அவன் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு நின்றான்.

அதே வாரம் எடுத்த சேற்றில், ரோஸ்மேரி அக்கா மட்டி பொறுக்கும் இடத்தில், அந்த மருந்து இல்லை. எங்கள் கருவிக்கு எட்டுகிற அளவில் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். போய் நேராகச் சொன்னேன், பாட்டில் கதையையும் சேர்த்து. "அட கிறுக்கி, இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்த?" என்று அவித்த மட்டியை என் கையில் வைத்தாள். தின்றேன். எவ்வளவு ருசி அப்பா.

கார்த்திகையில் வந்தது யார் வீட்டு மிச்சம் என்று இன்னும் தெரியவில்லை. எல்லா வீட்டுடையதுமாக இருக்கலாம். அடுத்த மழைக்கும் வரலாம். அதனால் அம்மா இப்போது வாசலில் ஒரு டப்பா வைத்திருக்கிறாள். தெருக்காரர்கள் மிச்ச மாத்திரையைக் கொண்டுவந்து போடுகிறார்கள். மாதம் ஒருமுறை நான் வந்து எடுத்துப்போகிறேன்.

ஒன்று பாக்கி. பாட்டிலை லேபில் கொட்டியபோது, மாத்திரை அட்டைகளுக்கு நடுவே மடித்த காலண்டர் தாள் ஒன்று இருந்தது. உங்கள் கோணல் எழுத்து. 'தண்ணியில போகக் கூடாது. பெரியவ வந்தா கையில குடுக்கணும்.'

கைக்கு வந்துவிட்டது அப்பா. மாத்திரைகள் எரிக்கப் போய்விட்டன, தாள் என்னிடம் இருக்கிறது. இனி எந்த மாதமும் மறக்க மாட்டேன்.

தாமதமாக வந்து வாங்கிக்கொண்ட,
உங்கள் பெரியவள்
செண்பகவல்லி