பின் அடித்த பக்கம்

அன்பு மகள் பட்டுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ சுகமாக இருக்க வேண்டும் என்ற நினைப்போடுதான் பேனாவை எடுத்தேன். இங்கே எல்லாரும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் தனிக்கட்சி. கண்ணாடிக் கடையில் வேலைக்குக் குறைவில்லை, ஊரில் பாதிப் பேருக்குப் பார்வை மங்கினால்தான் நமக்குச் சோறு, அதற்காகச் சந்தோஷப்படவும் கூச்சமாக இருக்கிறது. உன் அண்ணன் உன்னிடம் பத்து நாள் தங்கிவிட்டு வந்து, தங்கச்சி வீட்டைப் பளிச்சென்று வைத்திருக்கிறாள், சமையலும் தேறிவிட்டது என்று அம்மாவிடம் அளந்தான். பிறகு என் பக்கம் திரும்பி, பாத்திரம் கழுவும்போதுகூட அவ வாயில ஒரு பாட்டு முணுமுணுப்பு இல்லப்பா என்றான். குழாய்ச் சத்தத்தையும் மீறி அடுத்த வீடு வரை கேட்கப் பாடின பெண் நீ. அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

பாடகர் குழுவில் மறுபடியும் பைபிளின் அந்த நூற்று முப்பத்தேழாம் சங்கீதத்தை எடுத்திருக்கிறோம், மூன்று வருஷம் முன்பு நீ கிளம்பியதும் தனிக்குரல் இல்லாமல் பாதியில் கைவிட்டோமே, அதுதான். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் ஆரம்பித்தால் அப்பாவுக்கு நிறுத்தத் தெரியாது என்பதும் உனக்குத் தெரியும். சொந்த நகரம் இடிந்து, சிறைப்பட்டுப் போனவர்கள் வேற்றூர் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுகிறார்கள். பிடித்துக்கொண்டு போனவர்களோ உங்கள் ஊர்ப் பாட்டு ஒன்று பாடுங்கள் என்று கேலியாகக் கேட்கிறார்கள். இவர்கள் கின்னரம் என்கிற தங்கள் நரம்பு வாத்தியங்களை மரத்தில் மாட்டிவிட்டு, அந்நிய மண்ணில் எப்படிப் பாடுவது என்கிறார்கள். வேடிக்கையைப் பார், பாட முடியாது என்று எபிரேயத்தில் சொன்ன அந்த வார்த்தைகளுக்கு எத்தனை மொழியில் எத்தனை மெட்டு! ஆலயத்தில் நாலு குரலில் பாடினார்கள், நாடக மேடைக்குக் கொண்டுபோனார்கள், அடிமைகளாகக் கடல் கடத்தப்பட்டவர்களின் சந்ததி அதற்குத் தாளம் போட்டு உலகத்தையே ஆட வைத்தது. ஆனால் பாடுகிறவர்கள் பெரும்பாலும் கடைசி வரிகளைத் தொடுவதில்லை. அதில் அழுதவர்களே எதிரியின் பச்சைக் குழந்தைகளைக் கல்லில் மோதச் சொல்லிச் சபிக்கிறார்கள். நம் குழுவின் பிரதிகளில் அந்தப் பக்கத்தை மடித்து ஸ்டேப்ளரால் பின் அடித்தவன் நான்தான், நீகூட அன்று பக்கத்தில் உட்கார்ந்து பின்களை எடுத்துக் கொடுத்தாய்.

இப்போது புதிதாக ஒரு வெல்டர் சேர்ந்திருக்கிறார். போரில் வீடு வாசலை இழந்து இங்கே வந்தவர், குரல் கிணற்றின் அடியிலிருந்து வருகிற மாதிரி இருக்கும். போன வாரம் ஒத்திகையில் அவர் நகத்தால் பின்னைப் பிரித்து வாசித்துவிட்டு, இத ஏன் சார் பூட்டி வெச்சிருக்கீங்க என்றார். கேட்கவே கொடூரமாக இருக்கிறது, இதற்கு எப்படி மெட்டுப் போடுவது என்றேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. எம் புள்ளையப் பறிகொடுத்த அன்னைக்கு நானும் இதையேதான் கத்தினேன், கத்தினதோட சரி, யாரையும் தொடல, ஆனா கத்தவே இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன் என்றார். பியானோ வாசிக்கிற அக்கா எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். இனி அந்த வரிகளை மெட்டில்லாமல் அவரே வாசிப்பார், நாங்கள் நின்று கேட்போம் என்று முடிவாகியிருக்கிறது.

வீட்டுக்கு வந்து மற்ற பிரதிகளின் பின்களையெல்லாம் நானே பிரித்தேன். பிரிக்கப் பிரிக்க என் கடைசி வரி எனக்கு ஞாபகம் வந்தது. நிகழ்ச்சிக்கு மூன்று வாரம் இருக்கும்போது வேலை கிடைத்தது என்று நீ பெட்டியைக் காரில் ஏற்றினாய், நான் வாசலில் நின்று, இனிமே உன் குரலே என் காதுல விழக் கூடாது என்றேன். ஒரு பாட்டு நிகழ்ச்சிக்காகப் பெற்ற மகளை அப்படிச் சொன்னேன். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசாமல் மடித்துப் பின் அடித்துவிட்டேன், நீயோ அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்துவிட்டாய். அம்மாவோடு போனில் பேசும்போது நான் அறைக்குள் வந்தால் உன் பேச்சு உம் கொட்டுவதோடு நின்றுவிடுகிறது. நான் சொல்லவில்லை என்று சாதிக்க மாட்டேன். சொன்னேன், தப்பு, என்னை மன்னித்துவிடம்மா.

அந்நிய மண்ணில் எப்படிப் பாடுவது என்கிற அந்த ஒரு வரி உன்னுடையது. அதை யாருக்கும் கொடுக்கவில்லை. ஒத்திகையில் அந்த இடம் வந்ததும் நான் தாளம் காட்டுகிற கையை உயர்த்தியபடியே நிற்பேன், இருபது பேரும் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார்கள். இந்த வாத்தியாருக்குக் கை பிடித்துக்கொண்டதா என்று வெல்டர் முதல் நாள் பயந்தே போனார். அந்த வரியை மட்டும் உன் போனில் பாடி அனுப்பினால் போதும், சுருதி விலகினாலும் திருத்த மாட்டேன், சத்தியம்.

நேரத்துக்குச் சாப்பிடு. நாள் முழுக்கத் திரையைப் பார்க்கிறாய், கண்ணைச் சோதித்துச் சீட்டை அனுப்பு, கண்ணாடி நான் செய்து அனுப்புகிறேன். நல்ல உடம்போடும் நிறைந்த மனதோடும் நீ நெடுங்காலம் வாழ வேண்டும் என்று அம்மாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம். ஒன்றை மட்டும் மறக்காதே. உனக்குப் பாட மனமில்லை என்றாலும் பாதகமில்லை, பாட மாட்டேன் என்பதையாவது பாடி அனுப்பு.

இன்னும் கையை இறக்காத,
உன் அப்பா